படங்களில் பேர் இல்லாத ஊர்

ஒகேனக்கல்லில் 'சினி ஃபால்ஸ்' என்று ஒரு அருவி இருக்கிறது. கிண்டல் இல்லை, நிஜப் பேரே அதுதான். மழைக்காலத்தில் கர்நாடகா அணைகளைத் திறந்துவிட்டால் செய்தியில் சொல்வார்கள் பாருங்கள், மெயின் அருவி, சினி ஃபால்ஸ், ஐந்தருவி எல்லாம் மூழ்கின, பரிசல் இயக்கத் தடை என்று. அந்த சினி ஃபால்ஸ். சினிமாக்காரர்கள் வந்து வந்து படம் பிடித்ததால் வந்த பேர் என்று பரிசல்காரர்கள் சொல்வார்கள். தருமபுரி மாவட்டம் தன் அருவி ஒன்றுக்கு சினிமாவின் பேரை வைத்திருக்கிறது. சினிமா தருமபுரியின் பேரை எங்கே வைத்திருக்கிறது என்று தேடப்போனதில் எழுதியது இந்தக் கட்டுரை.

தேட வைத்தது ஒரு மதியச் சாப்பாடு. பெங்களூரில் எங்கள் டீமில் தமிழ் பேசுகிறவர்கள் ஆறு பேர். ஒரு வெள்ளிக்கிழமை, அவரவர் ஊரைக் காட்டிய படங்களில் பிடித்தது எது என்று பேச்சு வந்தது. மதுரைக்காரனுக்கு ஒரு டஜன் இருக்கும். 'சுப்ரமணியபுரம்' என்றான், சாம்பார் ஊற்றுவதற்குள் 'ஆடுகளம்' என்று மாற்றிக்கொண்டான். திருநெல்வேலிப் பெண் யோசிக்காமல் 'பரியேறும் பெருமாள்' என்றாள். வடசென்னைக்காரருக்கு அந்தப் பேரிலேயே ஒரு படம் இருக்கிறது. என் முறை வந்தது.

"தர்மபுரி."

"டேய், ஊரைக் கேக்கல. படத்தைக் கேட்டோம்."

"படத்தோட பேரும் அதான். விஜயகாந்த் படம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் சில்க் போர்டு டிராஃபிக்கில் வண்டி நின்றபோது சிரிப்பு போய்விட்டது. எனக்கு ரொம்பப் பிடித்த, ரொம்பத் தொந்தரவு செய்த மூன்று படங்களில் என் மாவட்டம் இருக்கிறது. மூன்றிலும் அதன் பேர் இல்லை. இதை ஏன் அந்த மேசையில் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் மூன்றாவது படத்தைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல எனக்கு எப்போதும் கொஞ்சம் கூச்சம்.

*

முதலில் அந்தப் பேர் உள்ள படத்தை முடித்துவிடலாம். பேரரசு ஊர்ப் பேர்களில் படம் எடுத்துக்கொண்டிருந்த காலம். திருப்பாச்சி, சிவகாசி, திருப்பதி வரிசையில் 2006 தீபாவளிக்கு 'தர்மபுரி' வந்தது. விஜயகாந்த் முந்தின வருடம்தான் கட்சி தொடங்கியிருந்தார். 2006 மே மாதத் தேர்தலில் விருத்தாசலத்தில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆகியிருந்தார். எங்கள் அப்பா கேப்டன் ரசிகர். இலக்கியம்பட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்தார், வாடகை சைக்கிளும் பஞ்சரும். கடைச் சுவரில் முருகர் படத்துக்குப் பக்கத்தில் கேப்டன் படம் மாட்டியிருக்கும். தீபாவளிக்கு மறுநாள் என்னையும் தங்கச்சியையும் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

டைட்டிலில் ஊர்ப் பேர் பெரிதாக விழுந்தபோது தியேட்டரே எழுந்து விசிலடித்தது. அதற்கப்புறம் அந்தப் படத்தில் ஊரைப் பற்றி ஒன்றுமே என் ஞாபகத்தில் இல்லை, அந்த விசில் மட்டும் இருக்கிறது. ஒரு ஊருக்குத் தன் பேரைத் திரையில் பார்க்க எவ்வளவு ஆசை இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பேர் வந்துவிட்டால் ஊரும் கூடவே வந்துவிடும் என்று சொல்ல முடியாது என்பதையும்.

அப்பாவுக்கு மனப்பாடமான படம் வேறு. 'கேப்டன் பிரபாகரன்'. 1991 ஏப்ரல் 14 அன்று வெளியானது, ஆர்.கே. செல்வமணி இயக்கம், விஜயகாந்துக்கு நூறாவது படம். மன்சூர் அலி கான் நடித்த வீரபத்ரன், வீரப்பனை வைத்து உருவாக்கிய பாத்திரம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் படத்தில் பார்க்கிற காடு கேரளாவின் சாலக்குடி. எங்கள் பக்கத்துக் காடு அப்படிப் பச்சையாக ஈரம் சொட்டிக்கொண்டு நிற்காது. வருடத்தில் பாதி நாள் முள்ளும் காய்ந்த புல்லும் பாறைச் சூடும்தான். கேமராவுக்கு அந்தக் காய்ச்சல் அழகாக இருக்காது என்று நினைத்திருப்பார்கள்.

நிஜ வீரப்பன் 2004 அக்டோபர் 18 இரவு சுட்டுக் கொல்லப்பட்டது எங்கள் பாப்பாரப்பட்டி பக்கத்தில். கண் சிகிச்சைக்கு என்று ஏற்றிக்கொண்டு வந்த, ஆம்புலன்ஸ் வேஷம் போட்ட வண்டியில். அதற்கப்புறம் அவரைப் பற்றிப் படங்களும் ஓடிடி தொடர்களும் எவ்வளவோ வந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலும் எங்கள் மாவட்டத்துக்குக் கிடைப்பது கடைசிப் பத்து நிமிடம்.

'கேப்டன் பிரபாகரன்' பற்றி இங்கே சொல்ல இன்னொரு காரணம் இருக்கிறது. அதில் நாயகன் ஒரு வன அதிகாரி. சந்தனக் கட்டை கடத்துகிறவர்களைப் பிடிக்க வனத்துறை காட்டுக்குள் போகிறது, தியேட்டர் கை தட்டுகிறது. இந்தக் கைதட்டலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பதினான்கு மாதம் கழித்து திரும்ப வருவோம்.

*

'ரோஜா' பார்க்காத ஆள் இருக்க முடியாது. 1992 ஆகஸ்ட் 15 வெளியீடு, மணிரத்னம் இயக்கம், ஏ.ஆர். ரஹ்மானுக்கு முதல் படம். மதுபாலா அறிமுகமாகும் பாட்டு, மின்மினி பாடியது, உங்களுக்கு இந்த நொடி காதில் கேட்டிருக்கும். அந்தப் பாட்டின் அருவிக் காட்சிகளில் ஒரு பகுதி ஒகேனக்கல், இன்னொரு பகுதி பாபநாசம் மலைமேல் இருக்கும் பாணதீர்த்தம். கதைப்படி ரோஜாவின் ஊர் திருநெல்வேலிச் சீமையில் சுந்தரபாண்டியபுரம். அதாவது எங்கள் காவிரி அந்தப் பாட்டில் தாமிரபரணியாக நடித்திருக்கிறது. இதில் எனக்குப் புகார் இல்லை. சந்தோஷ் சிவனின் ஒளிப்பதிவில் தண்ணீர் அப்படி மின்னும்போது எந்த ஆறு என்று கேட்பவன் ரசிகனே இல்லை.

இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பாட்டை நான் முதன்முதலில் டிவியில் பார்த்தபோது பக்கத்தில் என் பெரியம்மா மகள் உட்கார்ந்திருந்தாள். பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். "டேய், இது நம்ம ஒகேனக்கல்டா!" என்று கத்தினாள். கத்தும்போதும் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள். அக்கா எப்போதும் அப்படித்தான் சிரிப்பாள். அவள் பற்கள் பழுப்பேறியிருக்கும், நடுவில் கோடு கோடாக.

எங்கள் மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல் முளைக்கும் வயதிலிருந்து அந்தத் தண்ணீரைக் குடித்தால் பல் கறையேறும், வருடக்கணக்கில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். அருவி இருக்கும் தாலுகாவிலேயே ஜனங்கள் குடித்தது போர் தண்ணீர்தான். ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2008 பிப்ரவரி 26-ஆம் தேதி. தண்ணீர் வந்தது 2013-இல். 'ரோஜா' வந்து இருபத்தொரு வருடம் கழித்து. அதற்குள் அக்காவுக்குக் கல்யாணமாகி ஒரு பையனும் பிறந்துவிட்டான். அவளுடைய கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட உதடு பிரிந்திருக்காது. பையன் பல் தெரியச் சிரிக்கிறான்.

இடையில் ஒரு தடவை சினிமா எங்கள் தண்ணீருக்காகத் தெருவில் உட்கார்ந்தது. திட்டத்துக்குக் கர்நாடகத்தில் எதிர்ப்பு வலுத்து, பெங்களூரில் தமிழ்ப் படங்கள் நிறுத்தப்பட்டபோது, 2008 ஏப்ரல் 4 அன்று சென்னையில் நடிகர் சங்கம் உண்ணாவிரதம் இருந்தது. அங்கே ரஜினி பேசிய பேச்சும், சில மாதத்தில் 'குசேலன்' கர்நாடகத்தில் வெளியாக வேண்டியிருந்தபோது அவர் வருத்தம் தெரிவித்ததும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் ஒகேனக்கல் என்ற சொல் எல்லா டிவியிலும் ஓடிக்கொண்டே இருந்தது. பல்லைப் பற்றி யாரும் பேசினதாக எனக்கு ஞாபகம் இல்லை.

'ரோஜா'வை நான் இன்றைக்குத் திரும்பப் பார்க்கும்போது அருவியைவிட அதிகமாகக் கவனிப்பது அதன் இரண்டாம் பாதி. கடத்தப்பட்ட புருஷனை மீட்டுத் தரச் சொல்லி ஒரு கிராமத்துப் பெண் அதிகாரி அதிகாரியாகப் போய் நிற்கிறாள், மொழி தெரியாத ஊரில் மந்திரி வரைக்கும் போகிறாள். அரசு கடைசியில் அவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறது. படத்தின் நம்பிக்கையே அதுதான்: அழுது கேட்டால் இந்த அரசுக்கு மனசு இரங்கும். தேச ஒற்றுமைக்கான தேசிய விருது அந்த நம்பிக்கைக்கும் சேர்த்துக் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

'ரோஜா' வெளியாவதற்கு ஐம்பத்தாறு நாள் முன்னால், 1992 ஜூன் 20 அன்று, அதே தருமபுரி மாவட்டத்தில், அரூர் தாலுகாவில், சித்தேரி மலை அடிவாரத்தில், வாச்சாத்தி நடந்தது.

*

வாச்சாத்தி மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர். சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறையும் போலீஸும் வருவாய்த் துறையும் சேர்ந்து ஊருக்குள் இறங்கினார்கள். ஊரையே ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். கிணற்றுத் தண்ணீரைக்கூட விட்டுவைக்கவில்லை. பதினெட்டுப் பெண்கள் வல்லுறவுக்கு ஆளானார்கள். அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்றது அன்றைய அரசு. மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் விடாமல் போராடி, உயர் நீதிமன்றம் போய், சிபிஐ வந்து, வழக்கு நடந்து, தீர்ப்பு வர 2011 செப்டம்பர் 29 ஆகிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தருமபுரி நீதிமன்றம். அதில் 17 பேர் வல்லுறவுக் குற்றத்துக்காக.

'கேப்டன் பிரபாகரன்' தியேட்டரில் கேட்ட கைதட்டலைப் பற்றி ஏன் சொன்னேன் என்று இப்போது புரியும். படம் வந்தது 1991 ஏப்ரலில், வாச்சாத்தி 1992 ஜூனில். அந்தப் படத்தால் இது நடந்தது என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. காட்டுக்குள் காக்கி நுழைந்தால் யாரைப் பிடிக்கிறது என்று கேட்காமலே கை தட்டுகிற பழக்கம் நம்மிடம் இருந்தது, அவ்வளவுதான். எங்கள் அப்பாவும் தட்டினார், நானும் தட்டினேன்.

முப்பது வருடம் கழித்து அந்தப் பழக்கத்தை உடைக்க ஒரு பெரிய படம் வந்தது. வெற்றிமாறனின் 'விடுதலை பாகம் 1', 2023 மார்ச் 31. ஜெயமோகனின் 'துணைவன்' கதையை அடிப்படையாக வைத்தது. அவர் எங்கள் மாவட்டத்தில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர் என்பதில் எனக்கு ஊர்ப் பாசத்தில் ஒரு தனிச் சந்தோஷம். காலம் 1987. ஊரின் பேர் அருமபுரி. தருமபுரியில் முதல் எழுத்தை மட்டும் அழித்துவிட்டு 'அ' போட்டிருக்கிறார்கள். தியேட்டரில் அந்தப் பேரைக் கேட்டபோது, கூட்டத்தில் யாரோ என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனதுபோல இருந்தது.

இது பிடித்த படமா? ஆமாம். காக்கிச் சட்டைக்குள் இருக்கும் ஒரு சாதாரண ஆளின் பயம், சூரி நடித்த குமரேசனிடம் தெரிகிற அளவுக்குத் தமிழில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மன்னிப்புக் கேட்க மறுப்பதற்காக அவன் படும் பாடு ஒன்றே போதும். அதிகாரம் எப்படி மேலிருந்து ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, கடைசியில் யார் உடம்பில் போய் நிற்கிறது என்பதைப் படம் பொறுமையாகக் காட்டுகிறது.

தொந்தரவும் அதே உடம்பில்தான் ஆரம்பிக்கிறது. இறுதிப் பகுதியில் ஊர்ப் பெண்களை முகாமுக்கு இழுத்து வந்து, உடைகளை உருவிச் சித்திரவதை செய்கிறார்கள். அது வாச்சாத்தி என்று பார்த்த எல்லோரும் எழுதினார்கள். இன்னொரு பக்கம் அந்தப் பெண்களைக் காப்பாற்ற, தலைவர் பெருமாளைப் பிடித்துக் கொடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி, குமரேசன் ஓடுகிறான். இந்தக் காட்சியும் அந்தக் காட்சியும் மாறி மாறி வருகின்றன. அவன் வேகமாக ஓட வேண்டும் என்று நாம் பதறுவதற்காக அங்கே பெண்கள் அடி வாங்குகிறார்கள். அவர்களுடைய வேதனை அவனுடைய ஓட்டத்துக்குக் கடிகாரமாகிவிடுகிறது. இரண்டாம் பாகம் பெருமாளின் கதைக்குப் போய்விடுகிறது. அந்தப் பெண்கள் திரும்பிப் போய் என்ன செய்தார்கள் என்பது ஒரு கேள்வியாகக்கூட வருவதில்லை.

நிஜ வாச்சாத்தியின் கதை ஆரம்பிப்பதே அங்கேதான். யாரும் ஓடி வந்து காப்பாற்றவில்லை. சேலம் சிறையிலிருந்து வெளியே வந்து, இடிந்த வீட்டுக்குத் திரும்பி, அந்தப் பெண்கள் செய்த காரியம் சாட்சி சொன்னது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. பத்தொன்பது வருடம். கூலி வேலையை விட்டுவிட்டு பஸ் ஏறி வந்து, நீதிமன்றத்தில் ஆளை அடையாளம் காட்டி, குறுக்கு விசாரணையில் அந்த ஒரு நாளைத் திரும்பத் திரும்பச் சொல்லி, எதிர்த்தரப்பு மேல்முறையீட்டுக்குப் போனபோது மறுபடியும் காத்திருந்தார்கள். 'விடுதலை' தியேட்டருக்கு வந்த அதே மார்ச் மாதத் தொடக்கத்தில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் நேரில் வாச்சாத்திக்குப் போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பர் 29 அன்று மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னார். முதல் தீர்ப்பு வந்து சரியாகப் பன்னிரண்டு வருடம்.

என் வேலையில் டேட்டா மாஸ்கிங் என்று ஒன்று உண்டு. நிஜ வாடிக்கையாளர்களின் தகவலை டெஸ்டிங்குக்கு எடுக்கும்போது பேர், போன் நம்பர் எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம், யாருக்கும் தீங்கு வரக்கூடாது என்று. யாரைக் காப்பாற்ற எதை மறைக்கிறோம் என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சட்டமும் இப்படித்தான் செய்கிறது: வல்லுறவுக்கு ஆளான பெண்ணின் பேரை மறைக்கிறது, செய்தவன் பேரைச் சொல்கிறது. வாச்சாத்திப் பெண்கள் ஊர்ப் பேரை மறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அந்தப் பேரைச் சொல்லித்தான் ஜெயித்தார்கள். தருமபுரி அருமபுரி ஆனபோது படத்துக்கு ஒரு சுதந்திரம் கிடைத்தது. ரயில் குண்டுவெடிப்பு, நக்சல் வேட்டை, சுரங்கம் என்று தமிழ்நாட்டின் பல வருடத்துச் சம்பவங்களை ஒரே ஊரில் அடுக்க முடிந்தது. அந்தச் சுதந்திரத்துக்குக் கொடுத்த விலை அந்தச் சாட்சிகள். அருமபுரியில் வல்லுறவு நடக்கிறது, வழக்கு நடப்பதில்லை.

*

மூன்றாவது படம் 'கல்லூரி'.

2000 பிப்ரவரி 2. எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று செய்தி வந்து, அ.தி.மு.க.வினர் அங்கங்கே மறியல் செய்தார்கள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டார்கள். கல்விச் சுற்றுலாவில் வந்துகொண்டிருந்த கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ்ஸுக்கு இலக்கியம்பட்டியில் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் எரிந்து இறந்தார்கள். 2007 பிப்ரவரியில் சேலம் நீதிமன்றம் மூன்று பேருக்குத் தூக்குத் தண்டனை கொடுத்தது. அந்த வருட டிசம்பரில் பாலாஜி சக்திவேல் இயக்கி, ஷங்கர் தயாரித்த 'கல்லூரி' வந்தது. நான் சேலத்தில் இன்ஜினியரிங் முதல் வருடம்.

ஹாஸ்டல் பையன்கள் பதினைந்து பேர் சேர்ந்து போனோம். அரசுக் கல்லூரி, புதுமுகங்கள், பெரிய கதை என்று ஒன்றும் இல்லை. முத்து, கயல்விழி, வசதியான வீட்டிலிருந்து வரும் ஷோபனா, இவர்களைச் சுற்றி ஒரு நண்பர் கூட்டம். கிண்டல், சின்னச் சின்ன மனஸ்தாபம், வீட்டுக் கஷ்டம். செழியனின் ஒளிப்பதிவில் யாருடைய முகமும் சினிமா முகமாக இல்லை, எங்கள் கிளாஸ் மாதிரியே இருந்தது. கடைசியில் சுற்றுலா போகிறார்கள். ஒரு கட்சிக் கும்பல் பஸ்ஸுக்குத் தீ வைக்கிறது.

படத்தின் பெரிய பலம் அந்த முடிவை அது முன்னாலேயே சொல்லி நம்மைத் தயார் செய்யாததுதான். எரிந்து போனவர்கள் என்று செய்தித்தாளில் நாம் படிக்கிற ஒரு எண்ணிக்கைக்கு, இரண்டு மணி நேரம் செலவழித்து, ஒரு மதியச் சாப்பாட்டையும் ஒரு பொய்க் கோபத்தையும் சொல்லாமல் விட்ட ஒரு காதலையும் கொடுக்கிறார் பாலாஜி சக்திவேல். செத்தவர்களுக்கு வாழ்க்கையைத் திருப்பிக் கொடுக்க ஒரு படத்தால் முடிந்தது இவ்வளவுதான், அதை அது முழுசாகச் செய்தது. தியேட்டரில் விளக்குப் போட்டபோது எங்கள் பதினைந்து பேரில் ஒருவனும் இன்னொருவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே டீக்கடையில் ஒருத்தன் கேட்டான். "இது உங்க ஊர்ல நடந்ததுதானே?"

"ஆமா."

"பக்கத்துல இருந்தவங்கெல்லாம் என்னடா பண்ணாங்க?"

நான் டீயைக் குடித்துக்கொண்டே இருந்தேன். அந்த வருடம் முழுக்க ஹாஸ்டலில் எனக்கு 'பஸ்' என்று பேர்.

'கல்லூரி'யில் தருமபுரி இல்லை. கட்சியின் பேர் இல்லை. ரொம்ப நாள் இதற்காக எனக்குப் பாலாஜி சக்திவேல் மேல் ஒரு நன்றி இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஊர்ப் பேர் மட்டும் வந்திருந்தால் என் பட்டப் பேர் தமிழ்நாடு முழுக்கப் போயிருக்கும். ஆனால் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது இன்னொன்றும் தெரிந்தது. அந்தக் கும்பல் எங்கிருந்தோ வருகிறது, தீ வைக்கிறது. அது ஒரு விபத்து மாதிரி, வெள்ளம் மாதிரி, வந்து போகிறது. படம் கடைசிவரை மாணவர்களோடேயே இருக்கிறது, இருக்க வேண்டியதும் அங்கேதான். ஆனால் ஊர் இல்லாத இடத்தில் ஊர்க்காரர்களும் இல்லை. டீக்கடையில் என் நண்பன் கேட்ட கேள்வியைக் கேட்க அந்தப் படத்தில் ஆளே இல்லை.

அந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றம் கேட்டது. 2010-இல் தண்டனையை உறுதி செய்த தீர்ப்பில், அங்கே இருந்த பொதுமக்களும் போலீஸாரும் தடுக்க முன்வராததைப் பற்றி நீதிபதிகள் வேதனையோடு எழுதினார்கள். (2016-இல் அதே நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது, 2018-இல் மூன்று பேரும் விடுதலையானார்கள். அது வேறு கட்டுரை.) செய்தித்தாளில் அந்த வரியைப் படித்த அன்று, எங்கள் அப்பாவின் சைக்கிள் கடை எங்கே இருந்தது என்பது எனக்கு ஞாபகம் வந்தது.

சம்பவம் நடந்த இடம் கடைக்கு எதிரே இல்லை, கொஞ்சம் தள்ளித்தான். அங்கிருந்து பார்த்தால் தெரிந்திருக்கக்கூடியது புகை. அன்றைக்கு அப்பா சீக்கிரம் வீட்டுக்கு வந்தது மட்டும் எனக்குத் தெரியும். சாப்பிடாமல் படுத்தார். நான் எதுவும் கேட்டதில்லை, பத்து வயதிலும் சரி, இருபது வயதிலும் சரி.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது டிவியில் 'கல்லூரி' ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சேனலை மாற்றவில்லை. கடையை விட்டு ஆறு வருடம் ஆகிறது, மூட்டு வலி, பகலெல்லாம் டிவிதான். பஸ் கிளம்பும் காட்சி வரும்போது எழுந்து வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. தீ வைக்கும் இடம் வந்ததும் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை மட்டும் குறைத்தார்.

"அன்னைக்கு கடையில ஸ்கூல் பசங்க நாலு பேர் நின்னாங்கடா, பஞ்சர் ஒட்ட" என்றார், நான் கேட்காமலே. "பசங்களை உள்ள இழுத்துட்டு ஷட்டரை இறக்கிட்டேன்."

"சரிதானப்பா."

"சரிதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பசங்களை உள்ள வெச்சுட்டு நான் வெளிய போயிருக்கலாம்" என்றார்.

படம் முடிந்து பேர்கள் ஓடின. அப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு அதைப் படிக்கப் பார்த்தார்.

"எந்த ஊருன்னு போட்டிருக்கானாடா?"

"இல்லப்பா. போடல."

"ம்" என்றார்.

அந்த 'ம்' நிம்மதியில் வந்ததா என்று இந்தக் கட்டுரையை எழுதும் வரைக்கும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் முகத்தில் நிம்மதி இல்லை. அடுத்த முறை யாராவது மதியச் சாப்பாட்டில் உன் ஊர்ப் படம் எது என்று கேட்டால் 'கல்லூரி' என்று சொல்லப்போகிறேன். அதில் எங்கே உன் ஊர் வருகிறது என்று கேட்பார்கள். வராத இடத்தைச் சொல்ல வேண்டும்.